தழும்பில்லாத காயம்: இலக்கியம் காட்டும் அறிகுறிகள்

கொடுமை என்ற சொல்லைக் கேட்டவுடன் நம் மனக்கண்ணில் தோன்றுவது ஓங்கிய கை, உடைந்த பாத்திரம், தெருவே கூடிப் பார்க்கும் கூக்குரல். நாடக மேடையும் திரைப்படமும் நம்மை அப்படித்தான் பழக்கியிருக்கின்றன. கொடியவர் என்றால் உரக்கப் பேச வேண்டும். துன்புறுபவர் என்றால் கண்ணீர் வடிக்க வேண்டும். இந்த இலக்கணத்துக்குள் அடங்காத துன்பம் நமக்குத் துன்பமாகவே தோன்றுவதில்லை. "அடிக்கிறாரா? இல்லை. குடிக்கிறாரா? இல்லை. மாதச் சம்பளம் ஒழுங்காக வீட்டுக்கு வருகிறதல்லவா? பின்னே என்ன குறை?" என்று கேட்டுப் பேச்சை முடித்துவிடுகின்றோம்.

ஆனால் கையை ஓங்காமலேயே ஓர் உயிரை வாட்ட முடியும். இகழ்ச்சியும் ஏளனமும் பாராமுகமும் உடலில் தழும்பு எதையும் விட்டுச்செல்வதில்லை. நம் நாட்டில் 2005ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு, 2006 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம், சொல்லாலும் உணர்வு வழியாகவும் இழைக்கப்படும் கொடுமையைத் தனியொரு வகையாகவே வைத்தது. இழிவுபடுத்துதல், எள்ளி நகையாடுதல், குழந்தையில்லை என்றோ ஆண்குழந்தையில்லை என்றோ குத்திக் காட்டுதல் ஆகியவற்றை அது பெயர் சொல்லிக் குறிக்கின்றது. சட்டம் இந்த இடத்துக்கு வந்து சேர்வதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே தமிழ்ப் புலவர்கள் இதை அறிந்திருந்தார்கள். தீயினால் பட்ட காயத்தையும் நாவினால் பட்ட காயத்தையும் அருகருகே வைத்து, எது ஆறும், எது ஆறாது என்று வள்ளுவர் 129ஆம் குறளில் தீர்ப்பளித்ததை நம் பள்ளிப் பிள்ளைகளும் அறிவர்.

காயம் ஆறாது என்று சொல்வது அறநூலின் வேலை. அந்தக் காயத்தை எப்படிக் கண்டுகொள்வது? அதைக் காட்டியவை நம் காப்பியமும் சிறுகதையும் நாவலும்தாம். ஆயின், அவை காட்டிய அறிகுறிகளை நாம் பெரும்பாலும் அறிகுறிகளாகப் படிப்பதில்லை. பொறுமையின் பெருமை என்றும், குழந்தையுள்ளத்தின் மென்மை என்றும் பாராட்டிவிட்டுக் கடந்துவிடுகின்றோம். அந்தப் பகுதிகளுள் சிலவற்றை மீண்டும் எடுத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கண்ணகியின் வெற்று நெற்றி

முதலில் சிலப்பதிகாரம். கோவலன் மாதவியின் மனையிலேயே தங்கிவிட்ட பின்னர்க் கண்ணகி எப்படி இருந்தாள் என்பதை இளங்கோவடிகள் 'அந்திமாலைச் சிறப்புச்செய் காதை'யில் சொல்கிறார். அவள் அழுதாள், அரற்றினாள் என்று அவர் தொடங்கவில்லை. காலில் சிலம்பில்லை, இடையில் மேகலையில்லை, மார்பில் குங்குமமில்லை, மங்கல அணியைத் தவிர வேறு அணியில் விருப்பமில்லை, காதில் குழையில்லை, கண்ணில் மையில்லை, நெற்றியில் திலகமில்லை, கூந்தலில் எண்ணெயில்லை என்று ஒரு பட்டியலைத் தருகிறார்.

இந்தப் பட்டியலைப் பிரிவுத் துயரைப் பாடும் மரபு என்று மட்டும் கொண்டு உரையாசிரியர் வழியே போய்விடலாம். சற்றே நின்று பார்த்தால் இதில் ஒரு நுட்பம் புலப்படும். புறக்கணிக்கப்பட்ட ஒருவரிடம் புதிதாக எதுவும் வந்து சேர்ந்திருப்பதில்லை. முன்பு இருந்தவை ஒவ்வொன்றாகக் குறைந்திருக்கும். அலுவலகத்தில் கோப்புகளைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது விளங்கும். எழுதப்பட்டிருப்பதை எவரும் படித்துவிடலாம். நிரப்பப்படாத கட்டத்தைக் கவனிப்பதற்குத்தான் பயிற்சி வேண்டும். பாடிக்கொண்டே வேலை செய்தவள் பாடுவதை நிறுத்திவிட்டாள். தலை வாரிக்கொள்ள நாட்டமில்லை. பிறந்த வீட்டுக்குக் கடிதம் எழுதுவதும் தொலைபேசியில் பேசுவதும் குறைந்துவிட்டன. பிடித்த பண்டம் எது என்று கேட்டால் விடை வருவதில்லை. இவையெல்லாம் இளங்கோவடிகளின் பட்டியலில் நாம் நம் காலத்துக்கேற்பச் சேர்த்துக்கொள்ள வேண்டியவை.

இதனினும் ஆழமான இடம் ஒன்று பின்னால் வருகின்றது. மதுரையில், மாதரியின் அடைக்கலத்தில், கொலைக்களக் காதையில் கோவலன் தன் தவறுகளைச் சொல்லி வருந்துகிறான். அப்போது கண்ணகி வாய்திறக்கிறாள். அறவோரையும் துறவோரையும் விருந்தினரையும் பேணும் வாய்ப்பைத் தான் இழந்ததைச் சொல்கிறாள். கோவலனுடைய பெற்றோர் தன்னைக் காண வந்து அன்பாகப் பேசிப் பாராட்டிய வேளையில், உள்ளே இருந்த நோயையும் துன்பத்தையும் மறைத்துத் தான் ஒரு பொய்யான முறுவல் காட்டியதையும், அந்த முறுவலே உள்ளிருந்ததைச் சொல்லிவிட்டதுபோல அவர்கள் நெஞ்சு வருந்தியதையும் கூறுகிறாள். நீர் செய்தது பெரியோர் போற்றாத ஒழுக்கம் என்று கணவனிடம் நேராகவே சொல்லியும் விடுகிறாள்.

இங்கே கவனிக்க வேண்டியவை இரண்டு. ஒன்று, சிரிப்பும் ஓர் அறிகுறி. துன்புறுபவர் பெரும்பாலும் அழுதுகொண்டு நம்முன் வருவதில்லை. தேவைக்கு மேல் சிரித்துக்கொண்டு, "எல்லாம் சௌக்கியம்" என்று விரைந்து சொல்லிக்கொண்டு வருவார்கள். மற்றொன்று, மாமனாரும் மாமியாரும் அந்தச் சிரிப்பைப் படித்துவிட்டார்கள். மகன் செய்த பிழைக்கு மருமகளிடம் குறை தேடவில்லை, வந்து பார்த்தார்கள், கண்டுகொண்டார்கள், வருந்தினார்கள். கண்ணகியைப் பொறுமையின் சிலையாக்கிப் பேசும் சொற்பொழிவாளர்கள் பலர், அவள் குற்றத்தைப் பெயர் சொல்லிச் சுட்டினாள் என்பதை விட்டுவிடுகிறார்கள். அவள் சொன்ன அன்றே கோவலன் கொலைக்களம் சென்றான். காலந்தாழ்ந்து பேசப்பட்ட உண்மை எவரையும் காக்கவில்லை என்பதும் அக்காதையின் துயரங்களில் ஒன்று.

சாரங்கன் கேட்ட கையெழுத்து

அடுத்து, கு. அழகிரிசாமியின் 'அன்பளிப்பு' என்னும் சிறுகதை. இக்கதையின் பெயரையே தாங்கிய தொகுப்புக்கு, ஆசிரியர் மறைந்த 1970ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி பரிசு கிடைத்தது. கதைசொல்லி சென்னையில் வாழும் இலக்கிய அன்பர். அக்கம்பக்கத்துக் குழந்தைகள் அவர் வீட்டுக்கு வந்து புத்தகங்களை அள்ளிப் படிப்பார்கள், அவரோடு விளையாடுவார்கள். அவர்களுள் சாரங்கன் என்னும் சிறுவனும் ஒருவன். அவர் இரு குழந்தைகளுக்கு டைரி பரிசளிக்கிறார். சாரங்கனுக்குத் தர வேண்டும் என்ற எண்ணம் அவருக்குத் தோன்றுவதே இல்லை. பிறகு ஒருநாள் சாரங்கன் தன் வீட்டுக்கு வரும்படி அவரை வருந்தி அழைக்கிறான். அவரும் போகிறார். உபசாரம் செய்கிறான். பிறகு தானே தேடிவைத்திருந்த ஒரு டைரியை எடுத்து நீட்டி, தனக்கு அவர் அன்பளிப்பாகத் தந்ததுபோல எழுதித் தரும்படி கேட்கிறான்.

இக்கதையைப் படித்து நெகிழாதவர் இரார். ஆனால் நெகிழ்ச்சியோடு நின்றுவிடுவது கதைக்குச் செய்யும் நீதியாகாது. அழகிரிசாமி இங்கே கொடியவன் ஒருவனைப் படைக்கவில்லை. கதைசொல்லி குழந்தைகளிடம் உண்மையாகவே அன்புடையவர். எல்லாக் குழந்தைகளையும் ஒன்றாகவே நேசிப்பதாக நம்புகிறவர். அந்த நம்பிக்கைதான் அவருடைய கண்ணை மறைக்கின்றது. புறக்கணிப்புக்குத் தீய எண்ணம் வேண்டியதில்லை. கவனம் தவறினால் போதும் என்பதை இவ்வளவு சிறிய நிகழ்ச்சியைக் கொண்டு இவ்வளவு தெளிவாகக் காட்டிய கதை தமிழில் அரிது.

சாரங்கனின் நடத்தையைப் பாருங்கள். அவன் சினக்கவில்லை, அழவில்லை, குற்றம் சாட்டவில்லை. தனக்குக் கிடைக்காத அன்பின் சான்றைத் தானே தயாரித்துக்கொண்டு, அதில் ஒரு கையெழுத்தை மட்டும் கேட்கிறான். புறக்கணிக்கப்பட்ட குழந்தை முரட்டுத்தனம் செய்யும் என்றே நாம் எதிர்பார்க்கிறோம். சில குழந்தைகள் அப்படிச் செய்வதும் உண்டு. வேறு சில குழந்தைகளோ அளவுக்கு மீறி நல்ல பிள்ளைகளாகிவிடுகின்றன. கேட்காமலே ஏவல் செய்யும். பெரியவர் முகம் மாறினால் உடனே அஞ்சும். வாங்கித் தந்ததாகப் பொய் சொல்லித் தோழரிடம் பெருமைப்பட்டுக்கொள்ளும். "எங்கள் வீட்டுச் சின்னவன் எதையும் கேட்கவே மாட்டான்" என்று நாம் பெருமையாகச் சொல்லும்போது, கேட்டால் கிடைக்கும் என்ற எண்ணமே அவனிடம் அற்றுப்போய்விட்டதா என்றும் ஒருமுறை எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஒரு சொல் செய்த கொலை

புறக்கணிப்பைவிடக் கூர்மையானது சொல். அதற்குச் சான்றாக அம்பையின் 'அம்மா ஒரு கொலை செய்தாள்' என்னும் கதையைக் கொள்ளலாம். 1976இல் வெளிவந்த 'சிறகுகள் முறியும்' தொகுதியில் இக்கதை இடம்பெற்றது. தாயை அழகின் வடிவாகக் கண்டு உருகும் கருநிறச் சிறுமி ஒருத்தி, தாய் வெளியூர் சென்றிருக்கும் வேளையில் பூப்படைகிறாள். தனக்கு என்ன நேர்ந்தது என்று அவளுக்கு விளங்கவில்லை. சுற்றியுள்ளோர் பேச்சு அச்சத்தையே தருகின்றது. அம்மா வந்து இதை அழகாகச் சொல்லுவாள் என்று காத்திருக்கிறாள். தாயோ, உறவுப் பெண் ஒருத்தியை நிறத்தின் காரணமாக மாப்பிள்ளை வீட்டார் மறுத்துவிட்ட எரிச்சலோடு திரும்புகிறாள். இதற்குள் இந்தத் தொல்லைக்கு உனக்கு என்ன அவசரம் என்னும் பொருள்பட ஒரு சொல்லை வீசிவிடுகிறாள்.

அவ்வளவுதான் நிகழ்ச்சி. ஆனால் ஆசிரியர் அதற்குக் 'கொலை' என்று பெயரிடுகிறார். இது மிகை என்று சிலர் கருதக்கூடும். ஒரு சொல் தவறி விழுந்ததற்குக் கொலை என்னும் பழியா என்று கேட்கக்கூடும். கதையின் கட்டமைப்பைப் பார்த்தால் மிகையில்லை என்பது விளங்கும். முதற்பகுதி முழுவதும் தாயைப் பற்றிய மகளின் நினைவுகளால் நிறைந்திருக்கின்றது. அவ்வளவு நம்பிக்கையைச் சேர்த்துவைத்த இடத்தில் அந்தச் சொல் விழுகின்றது. அயலார் சொன்னால் முள்ளாக இருந்திருக்கும். தாய் சொன்னதால் வாளாயிற்று. சொல்லின் கொடுமையை அளக்க, அது எவ்வளவு உரக்கச் சொல்லப்பட்டது என்பதைப் பார்த்துப் பயனில்லை. சொன்னவர்மீது கேட்டவர் எவ்வளவு சாய்ந்திருந்தார் என்பதையே பார்க்க வேண்டும்.

தாயையும் ஆசிரியர் அரக்கியாக்கவில்லை. அவள் வாயில் வந்த சொல் அவளுடையது மட்டுமன்று. கருப்பை இழிவென்று கருதும் ஊருடையது. வெளியில் பட்ட அவமானத்தை வீட்டில் மிகச் சிறியவர்மேல் இறக்கிவைப்பது மனித இயல்பாக இருக்கலாம். அந்த இயல்புக்கு இரையாகிறவரைக் காப்பது நம் கடமை. ஒருமுறை விழுந்த சொல்லை அன்றே அணைத்துத் துடைத்துவிட முடியும். நாள்தோறும் விழும் சொல்லைத் துடைக்க இயலாது. நிறம், உடற்பருமன், மதிப்பெண், உடன்பிறந்தாரோடு ஒப்பீடு ஆகிய இவை நம் இல்லங்களில் 'சும்மா கேலிக்கு' என்ற பெயரில் நாள்தோறும் வீசப்படுகின்றன. கேட்கும் குழந்தையும் உடன் சேர்ந்து சிரிக்கிறது. அந்தச் சிரிப்பு எத்தகையது என்பதைக் கண்ணகி முன்பே சொல்லியிருக்கிறாள்.

மலையை மறைத்த ஈரத்துணி

வடநாட்டில் வாழும் நமக்கு நெருக்கமான கதை, அம்பையின் 'வீட்டின் மூலையில் ஒரு சமையலறை'. 1988இல் வெளிவந்த இக்கதையின் களம் அஜ்மீரில் உள்ள ஒரு பெரிய குடும்பம். தென்னாட்டிலிருந்து அங்கே மருமகளாக வந்தவள் மீனாட்சி. அந்த வீட்டில் அடிதடி இல்லை, பட்டினி இல்லை, விருந்துக்கும் குறைவில்லை. ஆனால் பெண்களின் வாழ்நாள் கழியும் சமையலறை மட்டும் வீட்டின் ஒரு மூலையில், வசதியற்று, இருண்டு கிடக்கின்றது. சன்னலுக்கு வெளியே மலைகள் தெரிகின்றன. சமையலறையைச் சற்றே வசதியாக்கலாம் என்று மீனாட்சி பேச்செடுக்கிறாள். பெரியவரான பாப்பாஜி சினந்து கத்தவில்லை. சில நாட்களில் அவ்விடத்தில் நைலான் கயிறுகள் கட்டப்படுகின்றன. உலர்த்திய ஈரத்துணிகள் மலையை மறைத்துவிடுகின்றன.

வாய்திறந்து ஒன்றைக் கேட்டவருக்கு, இனிக் கேட்காதே என்று சொல்லாமல் சொல்லும் முறை இது. வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் துணி உலர்கிறது. உள்ளிருப்பவருக்கோ விடை கிடைத்துவிட்டது. இவ்வகைக் கொடுமையை எடுத்துச் சொல்வதும் கடினம். "கயிறு கட்டினார்கள்" என்று ஒரு பெண் தாய்வீட்டில் போய்ச் சொன்னால் யார் அதைக் குறையென்று ஏற்பார்கள்? சொன்னால் சிறுமையாகத் தோன்றும்படி அமைவதே இக்கொடுமையின் வலிமை. துன்புறுபவர் தமக்குத் தாமே, "நான்தான் பெரிதுபடுத்துகிறேனோ?" என்று கேட்கத் தொடங்கிவிட்டால் அதுவும் ஓர் அறிகுறி என்றே கொள்ள வேண்டும்.

ஊடலும் பேசாமையும்

இங்கே ஒரு வேறுபாட்டைத் தெளிவுபடுத்துவது நன்று. குடும்பத்தில் எழும் ஒவ்வொரு பிணக்கும் கொடுமையாகிவிடாது. ஊடல் நம் அகமரபின் அணி. வள்ளுவர் தம் நூலின் இறுதி மூன்று அதிகாரங்களையும் புலவிக்கும் ஊடலுக்குமே ஒதுக்கினார். உணவில் உப்புப்போல அளவோடு இருக்க வேண்டும் என்று எல்லையும் வகுத்தார். ஊடலில் இருவருக்கும் காரணம் தெரியும். முடிவு உண்டு என்பதும் தெரியும். மற்றவர் வந்து தணிக்க வேண்டும் என்ற ஆசையே அதன் உயிர். தண்டனையாக வரும் பேசாமையில் இவை எதுவும் இல்லை. காரணம் சொல்லப்படுவதில்லை, முடிவும் தெரிவதில்லை, எதிரிலிருப்பவர் இல்லாதவராக்கப்படுகிறார்.

இதன் கொடிய வடிவத்தை இமையத்தின் 'செல்லாத பணம்' காட்டுகின்றது. 2018இல் வெளிவந்த இந்நாவல் 2020ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருதைப் பெற்றது. பொறியியல் படித்த ரேவதி, வீட்டாரின் எதிர்ப்பை மீறி ரவி என்பவனை மணக்கிறாள். தலைமையாசிரியரான தந்தை நடேசன் மகளோடு பேசுவதையே நிறுத்திவிடுகிறார். கணவன் வீட்டில் அவள் படும் துன்பம் வெளிப்படையானது, எவரும் அறியக்கூடியது. ஆனால் திரும்பிப் போகலாம் என்று அவள் நினைக்கக்கூடிய கதவைச் சாத்தியது தந்தையின் மௌனம். உடல் முழுதும் தீக்காயத்தோடு அவள் மருத்துவமனையில் கிடக்கும்போது, குடும்பம் பணத்தோடு ஓடி வருகின்றது. அந்தப் பணம் செல்லவில்லை. நாவலின் தலைப்பே தீர்ப்பாகின்றது. நடேசனைக் கொடியவர் என்று சொல்ல எந்த வாசகருக்கும் மனம் வராது. மகள்மேல் உயிரையே வைத்திருந்தவர் அவர். அன்புள்ளவர் காட்டும் பாராமுகமும் கொல்லும் என்பதுதான் இந்நாவலின் கடுமையான செய்தி. அழகிரிசாமியின் கதைசொல்லியும், அம்பையின் தாயும், இமையத்தின் தந்தையும் ஒரே வரிசையில் நிற்பதை இங்கே காண்கின்றோம்.

நம் குடியிருப்புகளில்

இவற்றையெல்லாம் தலைநகரில் வெளிவரும் ஒரு மலரில் எழுதுவதற்குக் காரணம் உண்டு. சொந்த ஊரில் ஒரு மருமகளின் பொய்ச்சிரிப்பைப் படிக்க ஓர் அத்தை இருந்தாள்; எதிர்வீட்டுப் பாட்டி இருந்தாள்; கிணற்றடியும் கோயில் திருவிழாவும் இருந்தன. அந்தக் கண்கள் வம்பு பேசின. சில வேளைகளில் கொடுமையை அவையே செய்தன என்பதையும் மறுக்க இயலாது. ஆயினும் பார்த்தன. கரோல்பாக்கிலும் இராமகிருஷ்ணபுரத்திலும் மயூர் விஹாரிலும் நாம் கதவைச் சாத்திக்கொண்டால் உள்ளே நடப்பது அடுத்த வீட்டாருக்குத் தெரியாது. தெரிந்தாலும் மொழி புரியாது.

இந்தி தெரியாமல் இங்கே வந்து சேரும் பெண், காய்கறி வாங்கவும் மருந்து வாங்கவும் கணவனையே நம்பியிருக்கிறாள். கற்றுக்கொடுத்து வெளியே அனுப்புபவர்களும் உண்டு. "உனக்கு ஒன்றும் தெரியாது" என்று நாள்தோறும் சொல்லி அந்த அறியாமையைக் காத்து வளர்ப்பவர்களும் உண்டு. பேரக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஊரிலிருந்து அழைத்துவரப்பட்ட பெரியவர்கள், குழந்தை பள்ளிக்குப் போகத் தொடங்கியதும் பால்கனி நாற்காலியில் பேச்சுத் துணையின்றி அமர்ந்திருக்கிறார்கள். வேளைக்குச் சோறு உண்டு. நாள் முழுதும் ஒரு கேள்வி இல்லை. கோடை விடுமுறைக்கு ஊர் செல்லும் நம் பிள்ளைகளின் தமிழைக் கேட்டு உறவினர் சிரிக்கிறார்கள். வடக்கே அவர்களின் நிறத்தையும் பெயரையும் கேட்டு வேறு சிலர் சிரிக்கிறார்கள். இரண்டு இடத்திலும் சிரிப்புக்கு ஆளான பிள்ளை வீட்டுக்கு வந்து வாயை மூடிக்கொண்டால், அதற்கு 'அடக்கம்' என்று பெயர் சூட்டுவது பொருந்தாது.

சட்டமும் உதவியும் இன்று கைக்கெட்டும் தொலைவில் இருக்கின்றன. பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098, முதியோருக்கு 14567 என்று தொலைபேசி எண்கள் உள்ளன. 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம், பொறுப்பிலுள்ளவர் குழந்தைக்கு இழைக்கும் மனத்துன்பத்தையும் குற்றமாகவே கருதுகின்றது. ஆனால் அந்த எண்ணை அழைப்பதற்கு முன்னால், நடப்பது கொடுமைதான் என்று ஒருவர் கண்டுகொள்ள வேண்டும். துன்புறுபவரால் அது இயலாதபோது, அருகிலிருப்பவர் கண்டுகொள்ள வேண்டும்.

சங்க விழாக்களில் நாம் கூடுகின்றோம். குழந்தைகள் குறள் ஒப்புவிக்கின்றன, நாம் கைதட்டுகின்றோம். அந்த ஒரு மாலைப்பொழுதில், இழந்துவிட்ட அத்தையின் கண்ணாகவும் எதிர்வீட்டுப் பாட்டியின் கண்ணாகவும் நாம் ஒருவருக்கொருவர் இருக்க முடியும். சென்ற ஆண்டு மேடையேறிப் பாடியவர் இவ்வாண்டு கடைசி வரிசையில் ஏன் அமர்ந்திருக்கிறார் என்று தனியே அழைத்துக் கேட்கலாம். முதல் முறை கேட்டால், "எல்லாம் சௌக்கியம்" என்றுதான் விடை வரும். மாசாத்துவானும் அவர் மனைவியும் செய்ததுபோல, விடையை விட்டு முகத்தைப் பார்க்க வேண்டும். அடுத்த வாரம் வீடு தேடிச் சென்று மறுமுறையும் கேட்க வேண்டும். படித்த காப்பியமும் கதையும் நமக்கு அந்தப் பார்வையைத் தருமானால், அவற்றைப் படித்ததற்குப் பயன் உண்டு.